பலெர்மோவிலிருந்து ஒரே நாளில் எரிச்சே: மலையூர், உப்பளம், சிங்கரோ மூன்றையும் பார்க்க முடியுமா?

உப்புவெளி ஆசிரியை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் உப்புவெளியைச் சேர்ந்தவள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் மகள் திருமணமாகிச் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் இருக்கிறாள். வருகிற செப்டெம்பர் நடுப்பகுதியில் அவளிடம் போய் ஒரு மாதம் தங்கப் போகிறேன். மகளும் மருமகனும் வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகிறவர்கள் ஆதலால், எல்லோரும் சேர்ந்து வெளியூர் போவதற்கு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் கார் இல்லை. ஒன்பது வயதுப் பேரனும் கூட வருவான்.

அந்த ஒரு நாளை எங்கே செலவிடுவது என்பதுதான் என் கேள்வி. மகள் அனுப்பிய படங்களுள் எரிச்சே என்ற மலையூரின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எந்த இடத்திலும் மனம் செல்லவில்லை. செங்குத்தான பாறை, அதன் விளிம்பில் கல்லால் கட்டிய கோட்டை, தூரத்தே கீழே கடல். பார்த்தவுடன் நம் திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைதான் என் நினைவுக்கு வந்தது. அதே பகுதியில் பழைய உப்பளங்களும், சிங்கரோ என்ற கரையோர இயற்கை ஒதுக்கிடமும் இருப்பதாக மருமகன் சொல்கிறார். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் பயணத்தில் அது நடக்குமா? எனக்கு வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் நன்றாக நடப்பேன், இறக்கத்தில்தான் சிரமம். சைவ உணவு மட்டுமே உண்பவள். போய் வந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

பாலையூற்றுக்காரன்

அக்கா, வணக்கம். நான் பலெர்மோவில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். எரிச்சேக்கு நான்கு முறை புறப்பட்டு மூன்று முறைதான் மேலே போய்ச் சேர்ந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றும் ஒரே நாளில் நடக்காது என்று மருமகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எரிச்சேக்கு அடிவாரம் திராப்பனி நகரம். அது சிசிலியின் மேற்கு முனையில், பலெர்மோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பேருந்தில் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். எரிச்சே அந்த நகரத்துக்கு நேர் மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உப்பளங்கள் நகரின் தெற்கு எல்லையிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே மலையும் உப்பளமும் ஒரே வழியில் வருகின்றன. சிங்கரோவோ அதற்கு எதிர்ப்பக்கம், வடக்குக் கரையில் ஸ்கொப்பெல்லோவுக்கும் சான் வீத்தோ லோ காப்போவுக்கும் இடையில் இருக்கிறது. கார் இல்லாத குடும்பம் அதையும் சேர்க்க நினைத்தால், நாள் முழுவதும் பேருந்துத் தரிப்பிடங்களில் நிற்பதிலேயே கழிந்துவிடும்.

என் ஆலோசனை இதுதான். காலையின் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து ஒன்பது அல்லது ஒன்பதரைக்குள் திராப்பனி போய்ச் சேருங்கள். அங்கிருந்து நகரப் பேருந்தில் கம்பிவட ஊர்தி நிலையத்துக்குப் போக வேண்டும். ஊர்தியில் ஏறினால் பத்து நிமிடத்தில் மேலே இறங்கிவிடலாம். ஏறும்போது திராப்பனி முழுவதும் அரிவாள் போல வளைந்து கடலுக்குள் நீண்டு கிடப்பதையும், அதற்கப்பால் எகாடித் தீவுகளையும், பக்கத்திலே கண்ணாடிச் சதுரங்கள் போல உப்புப் பாத்திகளையும் ஒரே பார்வையில் காண்பீர்கள். பேரனைச் சாளரப் பக்கம் உட்கார வையுங்கள்.

இனி அந்த நான்காவது பயணம். அது ஒரு சித்திரை மாதம். பலெர்மோவில் காற்றே இல்லை. திராப்பனியில் இறங்கியபோது ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து வரும் சிரோக்கோ என்ற வெப்பக் காற்று, நம் கச்சான் காற்றைப் போல, மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. காற்று வேகமாக அடித்தால் கம்பிவட ஊர்தியை நிறுத்திவிடுவார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. மலைப் பாதையால் ஏறும் பேருந்து ஒன்று இருக்கிறது. அதன் நேரத்தை நான் விசாரித்து வைக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் வாடிய முகத்துடன் நிற்க, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆகையால் முதல் நாள் இரவே ஊர்தி ஓடுகிறதா என்று பார்த்து வைப்பதோடு, மலைப் பேருந்தின் ஞாயிற்றுக்கிழமை நேரத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அங்கே எல்லாப் பேருந்துகளும் குறைவாகவே ஓடும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக ஊர்தியை வாரக்கணக்கில் மூடுவதுண்டு. செப்டெம்பரில் அந்தக் கவலை இல்லை.

தம்பலகாமத்து வாசகர்

சுவாமி மலை நினைவுக்கு வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, அம்மா. அந்தப் பாறைக்கு நேர்ந்ததும் நம் பாறைக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ ஒரே கதை. நான் ஒரு வரலாற்றுச் சுற்றுலாக் குழுவோடு அங்கே போய் ஒரு முழு நாள் இருந்தேன்.

எரிச்சேயைத் தொடக்கத்தில் ஆண்டவர்கள் எலிமியர் என்ற பழங்குடியினர். அந்த மலை முனையில் அவர்கள் ஒரு பெண் தெய்வத்தை வழிபட்டார்கள். பிறகு வந்த பினீசியர் அவளை அஸ்தார்த்தே என்றார்கள், கிரேக்கர் அப்ரோடிற்றே என்றார்கள், உரோமர் வீனஸ் என்றார்கள். பெயர் மாறியதே தவிர இடம் மாறவில்லை. கடலோடிகள் தொலைவிலிருந்தே பாறையைக் கண்டு கும்பிட்டு வந்தார்கள். கார்த்தேஜ் தளபதி ஹனிபாலின் படையெடுப்பால் உரோமாபுரி நடுங்கிய காலத்தில், இந்த எரிச்சே வீனஸுக்கென்றே தலைநகரின் கப்பித்தோலியக் குன்றில் கி.மு. 215இல் கோயில் அர்ப்பணித்தார்கள் என்றால், இந்த மலைத் தெய்வத்தின் கீர்த்தியை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை கோயிற் புறாக்கள் கடல் கடந்து ஆபிரிக்காவுக்குப் போவதாகவும், தேவியும் அவற்றோடு போய் ஒன்பதாம் நாள் திரும்புவதாகவும் நம்பி இரண்டு விழாக்கள் எடுத்தார்கள். பேரனுக்குச் சொல்ல நல்ல கதை.

12ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் அந்தப் பாறையில், பாழடைந்த கோயிலின் மீதே, கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது அதுதான். இன்றைக்கும் அதன் பெயர் வீனஸ் கோட்டை. நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டையின் வாசலால்தான் நாம் இன்றும் கோயிலுக்கு ஏறுகிறோம். அந்த வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லையும் தமிழ் எழுத்துகளையும் விரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு எரிச்சேயின் மேற்கு மதிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதே உணர்வு வரும். ஆள் உயரத்துக்குக் கீழே பெருங்கற்கள், அவற்றின் மேலே பிற்காலத்தவர் அடுக்கிய சிறு கற்கள். கீழ் வரிசைக் கற்கள் சிலவற்றில் பெத், ஆயின், பே என்ற பினீசிய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பாசி படர்ந்திருப்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது. வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். இல்லையேல் விரலைத்தான் நம்ப வேண்டும்.

கோட்டை முற்றத்தில் வீனஸின் கிணறு என்று சொல்லப்படும் பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது. அதனருகே நான் நெடுநேரம் நின்றேன். நம் ஊரில் 1950இல் கிணறு வெட்டிய இடத்தில்தானே திருமேனிகள் வெளிவந்தன? 1956இல் பாறையின் அடியில், கடலுக்குள் கோயிற் கற்களைச் சுழியோடிகள் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு நடந்தது. எரிச்சேயில் தெய்வம் திரும்பவில்லை. அங்கே காற்று மட்டும் இருக்கிறது. நம் பாறையில் மணி அடிக்கிறது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அங்கே நின்றபோது தொண்டை அடைத்ததைச் சொல்கிறேன். கோட்டைக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும்.

கிண்ணியாப் பறவை ஆர்வலன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சிங்கரோவை ஒரு வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பலெர்மோவில் படித்த காலத்தில் நான் அங்கே பல முறை நடந்திருக்கிறேன். ஏழு கிலோமீற்றர் நீளக் கரை. உள்ளே வாகனச் சாலையே கிடையாது. அதன் ஊடாகத் தெரு வெட்டத் தொடங்கியபோது, 1980 மே மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறு ஆண்டே அது சிசிலியின் முதலாவது இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இடுப்பளவே வளரும் குட்டைப் பனைகள் சரிவெங்கும் நிற்கும். பனையின் நாட்டிலிருந்து போனவனுக்கு அந்தக் குட்டைப் பனையைப் பார்த்ததும் ஒரு சொந்தம் தோன்றியது.

ஆனாலும் உங்கள் முழங்காலைப் பற்றிப் படித்த பிறகு நானும் பாலையூற்று அண்ணனின் பக்கமே வருகிறேன். அந்தப் பாதை ஏறியும் இறங்கியும் போகிறது, நிழல் மிகக் குறைவு, குளிக்கும் குடாக்களுக்கு இறங்கும் இடங்கள் செங்குத்தானவை. அதை மகளும் மருமகனும் பேரனும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். எரிச்சேயின் வடக்கு விளிம்புக்குப் போனால் கோபனோ மலை கடலிலிருந்து தனியே எழுந்து நிற்பதும், அதற்கு அப்பால் சான் வீத்தோப் பக்கமும் தெரியும். அந்தக் காட்சியை ஓர் இருக்கையில் அமர்ந்தே பார்க்கலாம். கோட்டையை ஒட்டியுள்ள பாலியோ பூங்காவிலும் நிழலும் இருக்கைகளும் உண்டு.

நிலாவெளி உப்பளத்தான்

மலையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். உப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். நானும் என் தகப்பனாரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். என் தம்பி திராப்பனியில் இருந்த காலத்தில் அவனைப் பார்க்கப் போனேன். மற்றவர்கள் தேவாலயம் பார்க்கப் போக, நான் மூன்று நாளும் பாத்தி வரம்பில்தான் நின்றேன்.

திராப்பனிக்கும் பக்கத்து ஊரான பச்சேக்கோவுக்கும் இடைப்பட்ட உப்பளங்கள் 1995இல் இயற்கை ஒதுக்கிடம் ஆக்கப்பட்டன. உப்பும் விளைகிறது, பறவையும் வாழ்கிறது. தொழில் நம் தொழில்தான். கடல்நீரை முதலில் பெரிய குளத்தில் வாங்கி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலும் காற்றும் அதைக் கெட்டியாக்க விடுகிறார்கள். முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம் படிகிறது. அவை இரண்டும் கழிந்த பின்பே நீரை விளைபாத்திக்குள் விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே விட்டால் உப்புச் சுத்தமாக இராது. உப்பு விளைந்த பின் எஞ்சும் நீர் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அதை வெளியே விட்டுவிட வேண்டும். இத்தனையும் நான் சிறுவயதில் அடி வாங்கிக் கற்றது. மொழி தெரியாத ஒரு முதியவர் அங்கே கையசைவால் இதே வரிசையை எனக்குச் சொல்லிக் காட்டியபோது, நான் அடுத்த பாத்தியைக் கைகாட்டி மீதியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

வேறுபாடுகளும் உண்டு. அவர்கள் நீரை ஏற்றவும் உப்பை அரைக்கவும் காற்றாலைகளைப் பயன்படுத்தினார்கள். சில ஆலைகள் இன்றும் நிற்கின்றன. நாம் உப்பு அம்பாரத்தைக் கிடுகால் மூடுவோம், அவர்கள் சுட்ட ஓட்டால் மூடுகிறார்கள். நீண்ட வெள்ளைக் குவியலின் மேல் செந்நிற ஓடுகள் மீன் செதில் போல அடுக்கியிருக்கும். செப்டெம்பர் நடுப்பகுதி என்றால் வாரிக் குவித்த உப்பைக் காணும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. உப்பு மிகுந்த பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு நுண்பாசியின் நிறம் அது. ஆழம் குறைந்த பாத்திகளில் பூநாரைகளும் நெடுங்கால் உள்ளான்களும் மேயும். நூபியா என்ற இடத்தில் பழைய ஆலையோடு சேர்ந்த வீட்டில் உப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. கடைசி இரண்டு மணி நேரத்தை அங்கே செலவிடுங்கள், பொழுது சாய்வதைப் பாத்தி வரம்பிலிருந்து பாருங்கள். அந்த நேரத்தில் நான் பேச்சற்று நின்றேன்.

உப்புவெளி ஆசிரியை

இத்தனை அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. மருமகனுக்கு இந்தப் பதில்களை அப்படியே அனுப்பினேன். மூன்றையும் பார்க்கும் எண்ணத்தை அவர் கைவிட்டுவிட்டார். எரிச்சேயும் உப்பளமும் என்று முடிவாகிவிட்டது.

பாலையூற்றுத் தம்பியிடம் இன்னும் மூன்று விடயங்கள் கேட்க வேண்டும். மேலே தெருக்கள் எப்படி, என் முழங்கால் தாங்குமா? மதியம் நான் எதை உண்ணலாம்? ஞாயிற்றுக்கிழமை நூபியாவுக்குப் பேருந்து கிடைக்குமா?

பாலையூற்றுக்காரன்

அக்கா, தெருக்களைப் பற்றிச் சரியாகக் கேட்டீர்கள். எரிச்சே முக்கோண வடிவில் மதிலுக்குள் அடங்கிய ஊர். ஊர்தியில் இறங்கியதும் திராப்பனி வாசல் என்ற பழைய நுழைவாயில் எதிரே நிற்கும். அங்கிருந்து பெரிய தெரு ஏற்றமாகத்தான் போகிறது. தெருக் கற்களைச் சதுரம் சதுரமாகப் பதித்து, நடுவே சிறு கற்களை இட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கால்பட்டுத் தேய்ந்து அம்மிக் கல் போல வழவழப்பாக இருக்கும். ஈரம் பட்டால் வழுக்கும். ஏறும்போது உங்களுக்குத் துன்பம் இராது, திரும்பி இறங்கும்போது மருமகனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோல் அடி வைத்த செருப்பு வேண்டாம், இறப்பர் அடியுள்ள சப்பாத்து அணியுங்கள்.

நுழைவாயிலுக்கு அருகிலேயே 1314இல் கட்டிய பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் மணிக்கோபுரம் தனியே நிற்கும். கோபுரத்தில் நீங்கள் ஏற வேண்டாம், பேரனையும் மருமகனையும் அனுப்புங்கள். பிறகு சந்துகள் வழியாக மெதுவாகக் கோட்டைக்கு நடவுங்கள். காற்றைத் தடுக்கவே வீடுகளை நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே பூச்சாடிகள் நிறைந்த முற்றம் தெரியும். கீழே வெயில் கொளுத்தினாலும் மேலே முகில் மூடிவிடுவது வழக்கம். ஊரவர் அதை வீனஸின் முத்தங்கள் என்கிறார்கள். மூடினால் ஏமாந்து இறங்கிவிடாதீர்கள். ஏதாவது ஒரு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் விலகிவிடும். மேலே நான்கைந்து பாகை குளிர் கூடுதலாக இருக்கும், எல்லோருக்கும் ஒரு கம்பளி மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

உணவுக்குப் பயமில்லை. திராப்பனிப் பகுதியில் புசியாத்தே என்ற முறுக்கிய பாஸ்தாவை வாதுமை, தக்காளி, உள்ளி, துளசி வகை இலை எல்லாம் சேர்த்து இடித்த துவையலில் பிரட்டித் தருவார்கள். உரலில் இடித்த துவையல் போலவே இருக்கும், உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். பானே குன்சாத்தோ என்ற பாண் வகையில் எண்ணெய், தக்காளி, பாற்கட்டியோடு நெத்தலி மீனும் வைப்பார்கள். வாங்கும்போது ‘சென்ஸா அச்சியூகே’ என்று சொன்னால் மீன் இல்லாமல் தருவார்கள். ஊரின் பெயர்பெற்ற பண்டம் ஜெனொவேசே: மாப் பொதிக்குள் சுடச்சுடப் பாற்கூழ், மேலே சீனித் தூள். அதிலும் வாதுமைப் பண்டங்கள் பலவற்றிலும் முட்டை சேரும். நீங்கள் முட்டை தவிர்ப்பவராக இருந்தால் கேட்டு வாங்குங்கள். அந்தப் பண்டங்களின் செய்முறை மடத்துத் துறவியரிடமிருந்து ஊருக்குள் வந்தது.

நூபியா விடயத்தில் பேருந்தை நம்ப வேண்டாம். மூன்றரைக்கு எரிச்சேயிலிருந்து இறங்கி, திராப்பனியில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். தூரம் ஐந்தாறு கிலோமீற்றர்தான், நான்கு பேருக்குப் பகிர்ந்தால் பெரிய செலவாகாது. அதே காரையே திரும்பி வந்து உங்களை ஏற்றும்படி நேரம் குறித்துச் சொல்லி வையுங்கள், அங்கே தெருவில் கை காட்டி மறிக்க வாகனம் கிடைக்காது. பலெர்மோவுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே கேட்டு, அதற்கு முந்தைய பேருந்தைக் குறியுங்கள். பொழுது முழுவதும் சாயும்வரை நிற்க அது இடம் தராவிட்டால், நிலாவெளி அண்ணன் கோபிக்க வேண்டாம், சூரியன் காற்றாலைக்கு மேல் இரண்டு முழம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள்.

நிலாவெளி உப்பளத்தான்

கோபம் இல்லை, தம்பி. பிள்ளையோடு போகிறவர்கள் கடைசிப் பேருந்துக்கு நிற்கக் கூடாது. ஆசிரியை அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அருங்காட்சியகத்தில் அரைக்காத கல்லுப்புச் சிறு பொதிகளாக விற்பார்கள். எனக்காக ஒரு பொதி கொண்டு வாருங்கள், காசை நான் தருகிறேன். எங்கள் உப்பும் அதுவும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தகப்பனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு வயது எண்பத்து நான்கு.

உப்புவெளி ஆசிரியை

காசு வேண்டாம், ஐயா. இரண்டு பொதி கொண்டு வருகிறேன். ஐப்பசி நடுவில் ஊர் திரும்பியதும் நிலாவெளிக்கு வந்து தகப்பனாரின் கையிலேயே கொடுக்கிறேன்; பேரன் பாத்திகளைப் படம் பிடித்தால் அதையும் காட்டுகிறேன்.